துப்பாக்கி வன்முறை பற்றிய ஆவணப்படத்தில் இணங்க வைக்கும் உத்திகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

எதைக் காட்டுவது, எந்த வரிசையில், எந்த இசையோடு காட்டுவது என்று இயக்குநர் தேர்ந்து நம்மைத் தன் முடிவுக்கு அழைத்துவருவதுதான் இணங்க வைக்கும் உத்தி. பல மணி நேரப் பதிவை இரண்டு மணி நேரமாகச் சுருக்கும்போது தேர்வு தவிர்க்க முடியாதது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் தீபாவளிச் சேலையைப் பளிச்சென்ற விளக்கின் கீழ் விரித்துக் காட்டுவார்கள்; சேலை அசல்தான், வெளிச்சம் கடைக்காரருடையது.

அமெரிக்க இயக்குநர் மைக்கேல் மூர், கொலம்பைன் பள்ளியில் 1999இல் நடந்த துப்பாக்கிச் சூட்டை முன்வைத்து எடுத்த ‘பௌலிங் ஃபார் கொலம்பைன்’ (2002) இதற்கு நல்ல பாடம். அமெரிக்கா தலையிட்ட போர்களின் காட்சிகளுக்குப் பின்னணியில் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இதமான குரல் ஒலிக்கிறது. அந்த முரண்தான் வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பள்ளியில் குண்டடிபட்ட மாணவர்களை, துப்பாக்கிக் குண்டுகளை விற்ற கடைத்தொடரின் தலைமையகத்துக்கே மூர் கூட்டிச் செல்கிறார். உருக்கம், நெருக்கடி இரண்டும் ஒரே காட்சியில்!

மிகக் கூர்மையான உத்தி எண்களில் இருக்கிறது. துப்பாக்கியால் ஆண்டுதோறும் கொல்லப்படுவோர் ஜப்பானில் 39, அமெரிக்காவில் 11,127 என்கிறது படம். மக்கள்தொகை வேறுபாட்டைச் சொல்வதில்லை. நகைக்கடைக் காவலாளியின் கையில் மட்டுமே துப்பாக்கியைப் பார்த்துப் பழகிய கோலாலம்பூர் மாணவர் இதைக் கேள்வி கேட்காமல் கடந்துவிடுவார். சலுகை காட்டாமல் பென்சிலை எடுத்து வகுத்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

உத்தி இருந்தாலே படம் பொய் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை, மக்கள்தொகையால் வகுத்த பிறகும் அந்த எண்களில் அமெரிக்கா ஜப்பானைவிட நூறு மடங்குக்கும் மேல்தான் நிற்கிறது.