ஏற்காட்டுக்கு ஒரு நாள்: பையில் எதை வைப்பது?

கேள்வி (அம்மாபேட்டை): காலையில் போய் சாயந்திரம் திரும்புகிறோம். கீழே வெயில் கொளுத்துகிறது, ஸ்வெட்டர் எதற்கு?

கனமான ஸ்வெட்டர் வேண்டாம். ஆனால் சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் மேலே இருக்கிறது. ஏழெட்டு டிகிரி குறையும். சேர்வராயன் கோயில் மேட்டில் காற்று வேறு. ஆளுக்கு ஒரு முழுக்கைச் சட்டை, பிள்ளைகளுக்குக் காது மூடும் குல்லா. போதும்.

கேள்வி (ஓமலூர்): பையனுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும்.

20 கொண்டை ஊசி வளைவாச்சே, வரத்தான் செய்யும். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே கொடுங்கள். பாதி மலையில் கொடுத்துப் பயனில்லை. கேரி பேக் 2019 முதலே தடை. மூடி போட்ட பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு அவன் மடியிலேயே வையுங்கள். டிக்கியில் இருந்தால் இல்லாத மாதிரிதான்.

கேள்வி (ஆத்தூர்): கிளியூர் அருவிக்கு அம்மாவையும் கூட்டிப் போகலாமா? என்ன எடுத்துப் போவது?

அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் ஏரிக்கரையில் உட்கார வைத்துவிடுங்கள். அருவிக்கு இறங்குவது சுலபம், ஏறுவதுதான் பாடு. போகிறவர்களுக்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். அதனால் தோளில் மாட்டும் பை ஒன்று மட்டும்: தண்ணீர், துண்டு, மாற்றுத் துணி, கடலை மிட்டாய். காலில் பிடிமானமுள்ள பழைய ஷூ. நான் ஒருமுறை புது ரப்பர் செருப்போடு போய், ஈரப் பாறையில் உட்கார்ந்தபடியே இறங்கினேன். பேன்ட் கிழிந்ததுதான் மிச்சம். மழை ஓய்ந்து சில மாதமானால் அருவி நூலாகிவிடும், விசாரித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): சாப்பாடு கட்டிப் போகிறோம். குரங்குத் தொல்லை?

உண்டு. லேடீஸ் சீட் வியூ பாயின்ட்டில் எங்கள் எலுமிச்சைச் சாதம் பொட்டலத்தோடு போயிற்று. துணிப்பையில் தொங்கவிட்டால் அதற்குப் புரிந்துவிடும். எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, ஜிப் பைக்குள் வையுங்கள். பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுபறி வேண்டாம்.

அதே கேள்வியாளர்: டென்ட், கேஸ் அடுப்பு?

ஒரு நாளுக்கா? வேண்டாங்க. காப்புக்காட்டில் தீ மூட்டினால் குற்றமும்கூட. பையில் அவற்றுக்குப் பதில் ஒரு தார்ப்பாய் வையுங்கள், அப்புறம் ஒரு டார்ச். பனிமூட்டத்தில் ஐந்தரைக்கே மங்கிவிடும். செல்போனில் சார்ஜும் அப்போதுதான் தீரும்.