சுண்ணாம்புக்கல் அடுக்குல கடல் ஏறி எறங்குன கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வெறும் சுண்ணாம்புக்கல் அடுக்க பாத்துட்டு அந்தக் காலத்துல கடல் மட்டம் மாறுச்சுன்னு எப்படி சொல்றாங்க?

பதில்: ஒரு அடுக்கை மட்டும் எடுத்து கீழருந்து மேல பாருங்க, பெரும்பாலும் 1லருந்து 5 மீட்டர் கனம் இருக்கும். அடியில சிப்பி, நத்தை, பாசித்துண்டு, புழு குடைஞ்ச தடம்னு கலந்துகட்டி இருக்கும், அது எப்பவும் தண்ணி மூடியிருந்த இடம். மேல வர வர அதெல்லாம் கொறஞ்சு மெல்லிசு மெல்லிசா வரி வரும், அது நுண்ணுயிர் படலம், ஏத்தவத்தம் (தினமும் கடல்தண்ணி ஏறி வத்துறது) வந்துபோற திட்டுல மேயுற நத்தை கம்மிங்கறதால அங்கதான் அழியாம தங்கும். அதுக்கும் மேல காஞ்சு வெடிச்ச சேத்துப் பாளம், சில எடத்துல மழைத்தண்ணி அரிச்ச குழி, செம்மண்ணு. அதுக்கு நேர் மேல திடீர்னு மறுபடியும் சிப்பிக்கல்! அந்த கோட்டுலதான் கடல் திரும்பி வந்துருக்கு.

கேள்வி: அப்ப மேல போகப் போக ஆழம் கொறையுதுன்னா கடல் வத்திடுச்சுன்னு தானே அர்த்தம்?

பதில்: இல்லங்க, இங்கதான் நெறைய பேர் வழுக்குறாங்க. ஆழமில்லாத வெப்பக்கடல்ல சுண்ணாம்ப உண்டாக்குறது பெரும்பாலும் உயிர்கள்தான், கடல் ஏறி மூடுனதும் அதுங்க வேலைய ஆரம்பிக்க கொஞ்ச காலம் பிடிக்கும், ஆரம்பிச்சுட்டா தண்ணி ஏறுற வேகத்தைவிட வண்டல் வேகமா குவிஞ்சு மேல்மட்டம் வரைக்கும் ரொம்பிடும். கடல் ஒரு அடி கூட எறங்காமலே ஆழம் கொறைஞ்சிடும். உண்மையா எறங்குச்சான்னு தெரியணும்னா ஏத்தவத்தத் திட்டுக் கல்லு நடுவுல இல்லாம ஆழத்துல படிஞ்ச சிப்பிக்கல் மேலயே நேரா செம்மண்ணோ அரிச்ச குழியோ உக்காந்திருக்கான்னு தேடுங்க. ரொம்பி முடிக்கறதுக்குள்ள கடல் கீழ போனாதான் பொதுவா அப்படி வரும். என்னைய கேட்டா இந்த ஒரு தடயம் மத்த பத்துக்கு சமம்.

கேள்வி: கடல் மட்டம் மாறாமலே இப்படி அடுக்கு திரும்பத் திரும்ப வருமா?

பதில்: வரும். ராபர்ட் கின்ஸ்பர்க்னு ஒரு புவியியலாளர் 1971ல சொன்னது இதான். ஏத்தவத்தத் திட்டு கடல் பக்கம் நகர நகர சுண்ணாம்பு உண்டாகுற பரப்பு சுருங்கும், வரத்து நிக்கும், ஆனா அடித்தளம் மெதுவா அமுங்கிட்டே இருக்கும், கடைசில மறுபடியும் தண்ணி மூடும். அதனாலதான் ஒரே எடத்த பாத்து முடிவு சொல்லாதீங்கன்னு சொல்றேன், தூரத்துல இருக்குற வேற மேடையிலயும் (ஆழமில்லாத கடல்ல சுண்ணாம்பு குவிஞ்சு உண்டான பரந்த மேடு) அதே அடுக்கு ஒத்துப்போகுதான்னு பாக்கணும்.

கேள்வி: மிலன்கோவிச் சுழற்சின்னு படிச்சேன், ஒரு அடுக்குக்கு 20,000 வருஷம்னு எண்ணிடலாமா சார்?

பதில்: சார் இல்லங்க, அக்கான்னே சொல்லுங்க. பூமியோட அச்சு, சுத்துப்பாதை மாறுறதுல சுமார் 20,000, 41,000, 1,00,000, 4,05,000 வருஷம்னு தாளம் இருக்கு, அதான் மிலன்கோவிச் சுழற்சி, அதோட சேந்து பருவநிலையும் கடல் மட்டமும் மாறும்ங்கறது கணக்கு, அஞ்சு சின்ன அடுக்கு சேந்து ஒரு கட்டா வந்தா 20,000க்கும் 1,00,000க்கும் உள்ள விகிதம்னு சந்தோஷமா இருக்கும். ஆனா எண்ணி காலம் சொல்றது ஆபத்து. இத்தாலியில டோலமைட்ஸ் மலையில லாட்டெமார்னு ஒரு ட்ரயாசிக் காலத்து (20 கோடி வருஷத்துக்கும் முந்தின) மேடை, 500க்கும் மேல அடுக்கு, 20,000ஆல பெருக்குனா 1 கோடி வருஷம் வருது. அதே காலத்து எரிமலைச் சாம்பல்ல இருந்த சிர்கான்ங்கற கனிம மணிய வச்சு, அதுல யுரேனியம் எவ்வளவு ஈயமா மாறிருக்குன்னு அளக்குற யுரேனியம்-ஈயம் முறையில காலம் பாத்தா அதுல பாதி கூட வரல, வருஷக்கணக்கா சண்டை நடந்துச்சு. போதாததுக்கு கடல் ஏறியும் மேடைய எட்டாத சுழற்சி அடுக்கே விடாது, அதனால எண்ணிக்கை கொறையவும் செய்யும். அடுக்க எண்ணுங்க, ஆனா காலத்த சாம்பல்கிட்ட கேளுங்க.

கேள்வி: எத்தன மீட்டர் ஏறி எறங்கிருக்கும்?

பதில்: துருவத்துல பனி நெறைய இருந்த காலமா இல்லையாங்கறத பொறுத்தது. கடைசி பனியுகம் உச்சத்துல, சுமார் 20,000 வருஷம் முன்னாடி, கடல் இப்பத்தவிட 120 மீட்டர் கிட்ட கீழ இருந்துச்சு, அப்ப மேடை முழுசா காஞ்சு ஆழமா அரிச்சிடும். பனி கம்மியான காலத்துல சில மீட்டர்தான், ஏத்தவத்தத் திட்டோட மெல்லிசான அடுக்கு வரிசையா வர்றது அப்பதான் அதிகம்.

கேள்வி: நேர்ல பாக்கப் போறேன், என்ன எடுத்துட்டு போகணும்?

பதில்: கை லென்ஸ், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு பாட்டில், கண்ணாடி கட்டாயம் போட்டுக்கோங்க. சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும், டோலமைட்டா (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல்லா) மாறிருந்தா கல்ல சுரண்டி பொடியாக்குனாதான் லேசா பொங்கும். அடுக்கோட நடுவுல நேரத்த செலவு பண்ணாதீங்க, ரெண்டு அடுக்கு சேர்ற கோட்ட நல்லா கழுவிட்டு அங்க லென்ஸ வைங்க.