மறுத்தவன் தோற்கிற கதையையே கொடுங்கள்

கூட்டாளிமார் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் 14 வயது மகனுக்கு, 'முடியாது' என்று சொல்லப் பழக்கும் நாவல் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். மகன் ஆங்கிலம் வாசிப்பான் என்று எடுத்துக்கொள்கிறேன். ரொபர்ட் கோர்மியரின் 'தி சொக்லேட் வோர்' (1974).

ஒரு கத்தோலிக்க ஆண்கள் பாடசாலை. நிதி சேர்க்க 20,000 பெட்டி சொக்லேட் விற்க வேண்டும். புதிதாக வந்த ஜெரியைப் பத்து நாள் விற்க மறுக்கும்படி மாணவர்களின் இரகசியக் கும்பல் ஒன்று ஏவுகிறது. பத்து நாள் முடிந்த பிறகும் அவன் மறுக்கிறான், இப்போது தன் பாட்டில். கடைசியில் தோற்கிறான், மோசமாக. 'பிள்ளைக்குக் கொடுக்கிற புத்தகமா இது?' என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

நான் படித்தது கொழும்பில். பாடசாலைப் பெயர் வேண்டாம், பழைய மாணவர்மார் பொல்லாதவர்கள். பிக் மெட்ச், அதாவது இரண்டு பாடசாலைகள் வருடாவருடம் மோதும் கிரிக்கெட் போட்டி, நெருங்கினால் சீனியர் அண்ணாமார் எங்களை வெள்ளவத்தைக் கடைகளுக்குக் காசு சேர்க்க அனுப்புவார்கள். என் அப்பா காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதினார். பெடியள் வருகிற சத்தம் கேட்டதும் முதலாளி பின்பக்கம் போய்விடுவார். முகம் கொடுப்பது அப்பாதான். காசு கொடுக்காவிட்டால் வாசலை மறித்துக்கொண்டு கூச்சல். நான் போகமாட்டேன் என்றேன். அடி விழவில்லை, பேச்சு நின்றது. ஒன்றாக பஸ் ஏறுகிற சிநேகிதன்கூட என்னைக் கண்டால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றான். கிரிக்கெட் பிடிக்காதவன் என்று நினைக்க வேண்டாம், அந்த மெட்சையும் தனியாகப் போய்ப் பார்த்தேன்.

அந்த வயதில் நான் வாசித்த கதைகளில் மறுக்கிற பையனுக்குக் கடைசியில் எசெம்பிளியில் கைதட்டுவார்கள். எனக்கு ஒருவரும் தட்டவில்லை. ஜெரியை வளர்ந்த பிறகுதான் வாசித்தேன், முதல்முறையாக ஒரு புத்தகம் என்னை ஏமாற்றவில்லை. இன்னொன்று: கோர்மியரின் சொந்த மகனும் பாடசாலையில் சொக்லேட் விற்க மறுத்தவன். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் என்று தகப்பன் யோசித்ததில் பிறந்ததுதான் நாவல். உங்கள் மகனுக்கும் ஒன்றும் நடக்காமல் போகலாம்.

அடிதடி உண்டு, பெற்றோருக்குச் சங்கடமான பக்கங்களும் உண்டு. முதலில் நீங்கள் வாசியுங்கள்.

தமிழில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நரி, முயல் முடிந்தால் நேரே பெரியவர்களின் நாவல், இடையில் 14 வயதுக்கு எங்கே இருக்கிறது? போன மாதம் ஒரு புத்தகக் கடையில் இதையே கேட்டேன். கடைக்காரர் ஓ.எல். பரீட்சைக்கான கணித பாஸ்ட் பேப்பர் புத்தகத்தை எடுத்து நீட்டினார், புது எடிஷனாம்.