போரில் பிடிபட்ட வெளிநாட்டவர் நீதிமன்றம் போக முடியுமா?

போரில் பிடிபட்ட வெளிநாட்டவர், தன்னைப் பிடித்துவைத்திருக்கும் நாட்டின் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இதற்கான பதில், ஆளை எங்கே அடைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. அது எனக்கு இன்றுவரை மனம் ஒப்பாத விஷயம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி சரணடைந்த பிறகும் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு உதவினார்கள் என்று 21 ஜெர்மானியர்களை அமெரிக்க ராணுவ ஆணையம் தண்டித்து, ஜெர்மனியின் லான்ட்ஸ்பெர்க் சிறையில் அடைத்தது. அவர்களுடைய ஆட்கொணர்வு மனுவை, அதாவது தங்களை அடைத்துவைத்திருப்பது சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் மனுவை, 1950-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எதிரி நாட்டவர்கள், அமெரிக்க மண்ணை மிதிக்காதவர்கள், எல்லாமே வெளிநாட்டில் நடந்தது என்பவை காரணங்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு விசாரணையாவது நடந்திருந்தது. இதை மறந்துவிடக் கூடாது.

2002 ஜனவரியில் கியூபாவிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோவுக்குக் கைதிகளைக் கொண்டுபோனபோது அரசு இந்தத் தீர்ப்பைத்தான் பிடித்துக்கொண்டது. அந்த இடம் 1903-இல் கியூபாவிடம் குத்தகைக்கு எடுத்தது. ஒப்பந்தப்படி இறுதி இறையாண்மை கியூபாவுக்கு. முழு அதிகாரமும் கட்டுப்பாடும் அமெரிக்காவுக்கு. கியூபாவின் நீதிமன்றம் அங்கே நுழைய முடியாது. அமெரிக்க நீதிமன்றமும் நுழையக் கூடாது என்றால், உள்ளே இருப்பவர் யாரிடம் போய் முறையிடுவார்?

2004-இல் ரசூல் வழக்கில், குவாண்டனாமோ கைதிகள் மனுப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தது. 2005-லும் 2006-லும் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதை மூடியது. 2008 ஜூன் 12 அன்று பூமதியென் வழக்கில், 5-க்கு 4 என்ற கணக்கில், அந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பானது. ஒரு குத்தகைப் பத்திரத்தைக் காட்டி அரசியல் சாசனத்திலிருந்து அரசு நழுவ முடியாது என்பதே அதன் சாரம்.

லக்தார் பூமதியென் போர்க்களத்தில் பிடிபட்டவரே அல்ல. அல்ஜீரியாவில் பிறந்து, போஸ்னியாவில் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற செம்பிறைச் சங்கத்தில் வேலை பார்த்தவர். அமெரிக்கத் தூதரகத்தைத் தாக்கச் சதி செய்ததாக 2001-இல் கைதானார். ஆதாரம் இல்லை, விடுங்கள் என்று போஸ்னிய உச்ச நீதிமன்றமே சொன்னது. விட்ட கையோடு அமெரிக்கர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். வழக்கு விசாரணைக்கு வந்தபோது அந்தச் சதிக் குற்றச்சாட்டை அரசே கைவிட்டிருந்தது. ஆப்கானிஸ்தானுக்குப் போய்ச் சண்டையிடத் திட்டமிட்டார் என்பதுதான் மிச்சம். அதற்கும் பெயர் சொல்லாத ஒரே ஒருவரின் தகவலே ஆதாரம். அது போதாது என்று 2008 நவம்பரில் நீதிபதி அந்த வழக்கில் இருந்த ஆறு கைதிகளில் ஐந்து பேரை, பூமதியென் உட்பட, விடுவிக்க உத்தரவிட்டார். அதைச் சொல்ல ஒரு நீதிபதி கிடைப்பதற்குள் கிட்டத்தட்ட ஏழு வருஷம் போய்விட்டது. 2009 மே மாதம் பிரான்ஸ் அவரை ஏற்றுக்கொண்டது.

ஆகவே குவாண்டனாமோ என்றால் "போடலாம்". ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா நடத்திவந்த பக்ராம் சிறை என்றால்? வேறு நாடுகளில் தங்களைப் பிடித்து அங்கே கொண்டுபோனதாகச் சொன்ன மூன்று பேர் மனுப் போட்டார்கள். அது போர் நடக்கும் இடம் என்று 2010-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. அவர்களை அந்தப் போர் நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோனது யார் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.