நடுநிலைப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் வேண்டும்? – கேள்வி பதில்

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் ஆசிரியர், பணியாளர் எண்ணிக்கை குறித்து வந்த கேள்விகளுக்கு, ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று கணக்கிடும் பணியிட நிர்ணய வேலையைப் பல ஆண்டுகள் கவனித்து ஓய்வு பெற்ற ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் 1 முதல் 5 வரை 64 பிள்ளைகளும், 6 முதல் 8 வரை 78 பிள்ளைகளும் படிக்கிறார்கள். பாடம் நடத்துவோர் ஆறு பேர். இது போதுமா? (பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்)

பதில்: சட்டப்படி சரி அம்மா, நடைமுறையில் போதாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இருவர், 61 முதல் 90 வரை மூவர் இருக்க வேண்டும். 6 முதல் 8 வரை வகுப்புக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்பதோடு, 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கும் பொருந்த வேண்டும். ஆகவே கீழே மூவர், மேலே மூவர். 142 பிள்ளைகளை ஆறால் வகுத்தால் ஏறத்தாழ 24 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று வருகிறது; காகிதத்தில் இதைப் பார்ப்பவர் எவரும் வசதியான பள்ளி என்றே எண்ணுவார்.

ஆனால் பாடவேளைகளை எண்ணிப் பாருங்கள். நாளுக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால், மேல் வகுப்புகள் மூன்றுக்கும் 120 பாடவேளைகள் ஆகின்றன. மூவருக்கு ஆளுக்கு 40. அதாவது காலை மணி அடித்தது முதல் மாலை வரை ஒருவருக்கும் ஓய்வுப் பாடவேளை கிடையாது. ஒருவர் விடுப்பெடுத்தாலோ பயிற்சிக்குச் சென்றாலோ ஒரு வகுப்பு அன்று முழுவதும் ஆசிரியரின்றி இருக்கும், அல்லது பக்கத்து வகுப்போடு சேர்த்து உட்கார வைக்கப்படும். தொடக்க வகுப்புகளில் அந்த நிலை எல்லா நாளும் உண்டு, ஏனெனில் அங்கே ஐந்து வகுப்புகளை மூவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எனவே ஒரு பள்ளியின் தேவையை மாணவர் தலைக்கணக்கை விட வகுப்புகளையும் பாடவேளைகளையும் கொண்டு அளப்பதே நேர்மையானது என்பது என் கருத்து.

கேள்வி: நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். கணிதமும் என் தலையில்தான். இது முறையா?

பதில்: முறைதான் ஐயா. 6 முதல் 8 வரை அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் என்பதே சட்டம் வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு. தமிழும் ஆங்கிலமும் ஒரே ஆசிரியரிடம் வந்து சேர்வதும் இதனால்தான். குறைந்தபட்சம் என்று எழுதப்பட்டதை உச்ச வரம்பாகப் படிக்கும் வழக்கம் அலுவலகங்களில் வேரூன்றிவிட்டது. குறை சட்டத்தில் பாதி, படிக்கும் கண்ணில் பாதி.

கேள்வி: முதலில் கேட்ட பள்ளியில் தொடக்க வகுப்புகளில் நான்கு பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் போய்விடுவாரா?

பதில்: 64 என்பது 60 ஆனால் அந்த மூன்றாவது பணியிடம் உபரி ஆகிவிடும். ஆகஸ்ட் 1ஆம் நாள் பதிவில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையே நிர்ணயத்துக்கு அடிப்படை. உபரியாகக் காட்டப்பட்டவர் பணி நிரவலில் தேவை உள்ள பள்ளிக்குச் செல்வார். பிள்ளைகளில் நால்வர் குறைந்தாலும் வகுப்புகள் ஐந்தும் அப்படியேதான் இருக்கின்றன. சேர்க்கைப் பணியைக் கோடை விடுமுறையிலேயே தொடங்கும் தலைமை ஆசிரியர்களைப் பார்த்து, விளம்பரத்துக்கு அலைகிறார்கள் என்று சிலர் கேலி செய்வதுண்டு. அவர்கள் காப்பாற்றுவது ஒரு பணியிடத்தை.

கேள்வி: என் மகளுக்குச் செவித்திறன் குறைவு. சிறப்பாசிரியர் எப்போதாவதுதான் வருகிறார். பள்ளியில் நிரந்தரமாக ஒருவரைக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம் அம்மா, கேட்கவும் வேண்டும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு, தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் வலியுறுத்தியது. ஒரே பள்ளியில் அத்தனை குழந்தைகள் இருப்பது அரிது என்பதால், ஒருவரே பல பள்ளிகளுக்குச் சுற்றி வரும் ஏற்பாடு தொடர்கிறது. எனவே அவர் வரும் நாள்களைக் கால அட்டவணையில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த நாளில் வராவிட்டால் எழுத்தில் கேட்க உங்களுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

கேள்வி: எழுத்தர், துப்புரவுப் பணியாளர், உடற்கல்வி ஆசிரியர் ஆகியோர் கணக்கில் வருவதில்லையா?

பதில்: நடுநிலைப் பள்ளிகளுக்கு எழுத்தர் பணியிடம் கிடையாது. எமிஸ் (மாணவர், பள்ளி விவரங்களுக்கான கல்வித் துறையின் இணையத் தளம்) பதிவு, நலத்திட்டப் பட்டியல், சான்றிதழ் விண்ணப்பம் என எல்லாம் ஆசிரியர் கைக்கே வருகின்றன. நான் மேலே சொன்ன 40 பாடவேளைக்குள்தான் இவற்றுக்கும் நேரம் திருட வேண்டியிருக்கிறது. சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் வேறு துறையின் பணியாளர்கள் என்பதால் பள்ளிப் பணியிடக் கணக்கில் சேரமாட்டார்கள். உடற்கல்வி, ஓவியம் போன்றவற்றுக்கு, மேல் வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் பகுதி நேரப் பயிற்றுநர் என்பது சட்டத்தின் அளவு. முதலில் கேட்ட பள்ளியில் 78 பேர்தான் என்பதால் அதுவும் எட்டாது.

கேள்வி: பணியிடம் காலியாக இருந்தால் மேலாண்மைக் குழு என்ன செய்ய முடியும்?

பதில்: அனுமதிக்கப்பட்ட பணியிடம் நிரப்பப்படாமல் இருக்கிறதா, பணியிடமே அனுமதிக்கப்படவில்லையா என்பதை முதலில் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் குழப்பி எழுதினால், பரிசீலனையில் உள்ளது என்ற ஒற்றை வரிப் பதில்தான் வரும். முதல் வகைக்கு, காலியிடங்கள் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்னும் கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவைச் சுட்டி வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தீர்மானம் அனுப்பலாம். இரண்டாம் வகைக்கு, அதே சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் வகுப்புவாரி எண்ணிக்கையையும் கூடுதல் ஆசிரியர் தேவையையும் எழுதிச் சேர்க்க வேண்டும். அத்துடன் கால அட்டவணையின் நகல் ஒன்றையும் இணைத்து, ஓய்வுப் பாடவேளை எங்குமே இல்லை என்பதைச் சிவப்பு மையால் குறித்து அனுப்புங்கள்.