மீன்கடைகளும் உணவகங்களும் உள்ள தெருவில் பெருகும் பூனைகளைக் கொல்லாமல் கட்டுப்படுத்துவது எப்படி?

நாகர்கோவில் வடசேரிச் சந்தைப் பக்கம் உணவகம் நடத்தும் நீங்கள், கடையைச் சுற்றித் திரியும் பூனைகளைப் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். குளச்சலில் மீன்சந்தைக்கு அருகே சாப்பாட்டுக் கடை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவற்றை அங்கே இழுப்பது மீன் செவுளும் குடலும் எச்சில் இலையும்தான். அவை வெளியே கிடக்கும்வரை, ஒரு கூட்டத்தை அகற்றினால் அடுத்த தெருப் பூனைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. விஷம் வைத்துக் கொன்றால் நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்கீழ் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும்.

பூனைகளை அங்கேயே இருக்கவிட்டு, அவை குட்டி போடுவதைத்தான் நிறுத்த வேண்டும். பெட்டைப் பூனை 4, 5 மாத வயதிலேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம். பகல்நேரம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறாத நம் பகுதியில் அதற்கென்று ஓய்வுக்காலமும் பெரிதாக இல்லை. எனவே பணம் குறைவாக இருந்தால் பெட்டைகளுக்கே முதலில் கருத்தடை செய்யுங்கள். கடுவன்களுக்கும் செய்துவிட்டால் சுவரில் மூத்திரம் பீய்ச்சுவதும் இரவுச் சண்டையும் பெருமளவு குறையும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பது பெரும்பாலும் அந்த நாற்றத்துக்குத்தான்.

கருத்தடைக்காகப் பூனைகளைப் பிடிப்பதற்கு ஏற்ற காலம் விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலம் என்பது என் கருத்து. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை இருப்பதால், ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் கிழக்கே சின்னமுட்டம், மேற்கே குளச்சல் இரண்டு பக்கமும் விசைப்படகு மீன் வராது. வள்ளங்களில் வரும் மீன் இருந்தாலும் கழிவு குறைந்துவிடும். வயிறு நிறைந்த பூனை கூண்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. ஆனால் அது மழைக்காலமும் ஆதலால், அறுவைக்குப் பின் தங்கவைக்க நனையாத இடம் ஒன்றை முன்பே ஒதுக்கிவையுங்கள்.

அரசு கால்நடை மருத்துவமனையிலோ தனியார் மருத்துவரிடமோ நாள் கேட்டு வைத்துக்கொண்ட பின்னரே கூண்டு வையுங்கள். கதவு தானே விழும் கூண்டின் கம்பித் தரையில் செய்தித்தாள் விரித்து, பூனை மிதித்ததும் கதவை விழவைக்கும் மிதிபலகைக்கு அப்பால் கடைசி மூலையில் பொரித்த சாளை (மத்தி) மீனை வைக்க வேண்டும். வாசலருகே வைத்தால் பூனை பாதி உடலை வெளியே விட்டபடியே இழுத்துக்கொண்டு போய்விடும். கதவு விழுந்ததும் பூனை கம்பியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். உடனே ஒரு பழைய சாரத்தால் (லுங்கியால்) கூண்டு முழுவதையும் மூடுங்கள். இருட்டானதும் அது அடங்கிவிடும். பால் கொடுக்கும் தாய் என்று மடியைப் பார்த்துத் தெரிந்தால், குட்டிகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் கொண்டுபோக வேண்டாம்.

மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, இடது காதின் நுனியை நேராக வெட்டிவிடும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த அடையாளம் இருந்தால் அதே பூனையை மறுபடியும் பிடிக்க நேராது. பிடித்த தெருவிலேயே திரும்ப விடுவது அவசியம்.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களின் ஒத்துழைப்பைப் பெறுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். கழிவை மூடியுள்ள வாளியில் போடுவது ஒரு கடை மட்டும் செய்தால் பயனில்லை. விரட்டுவதற்காகத் தரையில் ஃபினைல் ஊற்றுபவரிடம், பூனை தன் காலை நக்கும்போது அது விஷமாகும் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பிடிக்கும்போது யாருக்காவது கடியோ கீறலோ பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.