பினாங்கில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறேன். சண்டை வராமல் ஒத்துப்போவது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீட்டில் பெரிய சண்டையைப் போட்டவன் நான்தான். ஆகவே இதைக் குற்றவாளியின் வாக்குமூலமாகவே படியுங்கள்.

2018 முதல் 2020 வரை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் படித்தேன். வளாகத்தை ஒட்டிய சுங்கை டுவாவில், நான்காவது மாடியில் மூன்று அறை வீடு. விருதுநகர்க்காரனான நானும் சிட்டகாங்கிலிருந்து வந்த வங்காளதேச நண்பனும் ஓர் அறை. மேடானைச் சேர்ந்த இந்தோனேசியருக்கு ஒன்று. சுங்கை பட்டாணி என்ற மலேசிய ஊரிலிருந்து வந்த தமிழ்த் தம்பிக்கு ஒன்று. "பசியாறிவிட்டீர்களா அண்ணே?" என்று காலையில் அவன் கேட்பதன் பொருள் "டிபன் ஆயிற்றா" என்பது எனக்குப் புரியவே ஒரு வாரம் ஆனது.

ஊரிலிருந்து புறப்படும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "கொஞ்சம் பொறுத்துப் போ." அதைத்தான் செய்தேன். வினையும் அங்கேதான் தொடங்கியது.

நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. சிட்டகாங் நண்பன் ஞாயிறுதோறும் இரண்டு கிலோ வாங்கி ஃப்ரீசரில் வைப்பான். ஒருநாள் மின்சாரம் போய்த் திரும்பியது. பை ஒழுகி, கீழ்த்தட்டில் இருந்த அம்மாவின் கறிவேப்பிலைப் பொடி டப்பாவின் மூடி முழுக்க இளஞ்சிவப்பாக உறைந்து கிடந்தது. டப்பாவைத் திறக்காமலே குப்பையில் போட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவன் தேநீர் நீட்டினால் "வேண்டாம்" என்றேன். கடைசியில் என் எவர்சில்வர் கரண்டி ஒன்றைக் காணோம் என்று நடுக்கூடத்தில் நின்று கத்தித் தீர்த்தேன். ஒரு கரண்டிக்காக! மேடான்காரர் தம் அறைக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டது இன்றும் கண்ணில் நிற்கிறது.

கத்தி முடித்தபின் கறிவேப்பிலைப் பொடி விஷயம் வெளியே வந்தது. அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே துடைத்திருப்பேனே?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவனுக்கு ஒழுகியதே தெரியாது. நான் பொறுத்துக்கொண்டிருந்ததும் தெரியாது. மூன்று வாரமாக நான் ஏன் பேசவில்லை என்று தன் வீட்டுக்குப் போன் செய்து புலம்பியிருக்கிறான்.

அன்று மாலையே தம்பி சிவப்பு நூல் கொண்டுவந்தான். மாட்டிறைச்சி சமைக்கும் வாணலியின் கைப்பிடியில் நூல் கட்டினோம். ஃப்ரீசரில் இறைச்சி மூடி போட்ட டப்பாவில், கீழ்த்தட்டில் மட்டும். பன்றி இறைச்சி வீட்டுக்குள்ளேயே வராது என்று தம்பி தானாகச் சொன்னான். மற்ற இருவரும் அதைக் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. தைப்பூசத்துக்கு அவன் விரதம் இருந்த நாட்களில் அவனுக்கென்று ஒரு சட்டி தனியாக இருந்தது. அரை மணி நேரப் பேச்சு இது. வந்த முதல் நாளே பேசியிருக்கலாம்.

பிறர் என்னைப் பொறுத்துக்கொண்டிருந்த கதையும் உண்டு. மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அம்மா வேலையெல்லாம் முடித்துவிட்டு ஒன்பதரைக்குக் கூப்பிடுவார். எங்களுக்கு அப்போது நள்ளிரவு பன்னிரண்டு. அம்மாவின் குரல் போனைத் தாண்டி வெளியே கேட்கும். பக்கத்துக் கட்டிலில் நண்பன் இருமுவான். அது இருமல் அல்ல, விண்ணப்பம் என்று எனக்கு உறைக்கப் பல மாதங்கள் ஆயின. பிறகு இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசினேன். அங்கே மாலை ஐந்தரை, அம்மா காபி குடிக்கும் நேரம். பேச்சும் நன்றாக இருந்தது.

இன்னொன்று தாளிப்பு. அங்குள்ள பல அடுக்குமாடி வீடுகளில் சமையலறைக்குப் பின்னால்தான் துணி காயும் இடம். மிளகாய் வற்றல் தாளித்தால் மேடான்காரரின் சட்டையெல்லாம் சாம்பார் மணக்கும். துணியை எடுத்தபிறகு தாளியுங்கள், வேறு வழியில்லை.

பணத்தில் மட்டும் கூச்சமே வேண்டாம். அங்கே தமிழர்கள் மலேசியப் பணமான ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள்; நூறு சென் ஒரு வெள்ளி. அப்போதைய மின்கட்டணம் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.80 சென், அடுத்த 100க்கு 33.40, அதற்கு மேல் 600 வரை 51.60. எங்கள் அறையில் மின்விசிறி மட்டும். மற்ற இரண்டு அறைகளிலும் ஏசி. ஏசிகள் பழுதாகக் கிடந்த முதல் மாதம் 190 யூனிட், சுமார் 41 வெள்ளி. அவை ஓடத் தொடங்கியதும் 480 யூனிட், ஏறக்குறைய 170 வெள்ளி. அதாவது யூனிட் இரண்டரை மடங்கு, பில் நான்கு மடங்கு. நாலாகப் பிரித்து ஆளுக்கு 42 வெள்ளிச் சொச்சம் கட்டிக்கொண்டிருந்தோம். நான்கு மாதம் வாய் திறக்காமல் கட்டினேன். (ஆம், மறுபடியும்.) கரண்டிச் சண்டைக்குப் பிறகு தைரியம் வந்து கேட்டேன். தம்பி பில்லின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டான்: "அண்ணே, பழைய 41ஐ நாலு பேரும் பிரிப்போம். மேலே வரும் 128 சொச்சம் எங்கள் இருவருடையது." இரண்டு நிமிடத்தில் முடிந்தது. கட்டண விகிதம் பின்னாளில் மாறிவிட்டது. ஏசி இல்லாத மாதத்தை அடிப்படையாக வைக்கும் இந்த முறை எந்த விகிதத்துக்கும் பொருந்தும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நால்வரும் வீட்டுக்குள் அடைபட்டோம். ஏப்ரல் 24இல் ரமலான் நோன்பு தொடங்கியது. விடியுமுன் ஐந்து மணிக்கெல்லாம் சமையலறையில் பாத்திரச் சத்தம். பழைய நானாக இருந்தால் போர்வைக்குள் பல்லைக் கடித்திருப்பேன். முதல் நாளே சொன்னேன், தூக்கம் கெடுகிறது என்று. இரவே சமைத்து வைத்துக்கொண்டு, விடியற்காலையில் சூடு மட்டும் செய்தார்கள். சில நாட்கள் நானும் எழுந்து உட்கார்ந்து, நோன்பு இல்லாமலே அவர்களோடு சாப்பிட்டேன்.

சிட்டகாங் நண்பன் இப்போதும் பெருநாளுக்குச் செய்தி அனுப்புவான். வாழ்த்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: கரண்டி கிடைத்ததா?